சுட்ட தோட்டாக் கூடு என்ன சொல்கிறது?

போன தை மாதம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். அதற்காக டெக்சாஸிலிருந்து பெரியப்பா மகன் வந்திருந்தார். முதல் நாள் மத்தியானம் எங்கள் கடையில் வந்து உட்கார்ந்தார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளைச் சாமான் வாங்கி விற்கிற கடை அது. அண்டா, தவலை, கூஜா, தூக்குவாளி என்று நாலு பக்கமும் மஞ்சளாகக் கிடக்கும். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, உனக்குத்தான் பித்தளை தெரியுமே, இதைப் பார்த்துச் சொல்லு" என்று போனை நீட்டினார்.

ஐந்து படங்கள். ஒவ்வொன்றிலும் சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாவின் காலிக் கூடு, அடிப்பக்கம் தெரியும்படி கிட்டத்தில் வைத்து எடுத்தது. "இந்த அஞ்சுல ரொம்ப ஆபத்தான தோட்டா எதுன்னு சொல்லு."

விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நாலாவதைக் காட்டினேன். அதன் அடியில் பளபளவென்று ஒரு சின்ன வட்டத் தடம் இருந்தது. ஐந்தாவது படத்தில் இருந்த கூடு, துடைத்து வைத்தால் விற்றுவிடலாம் போலச் சுத்தமாக இருந்தது. "இதுல ஒண்ணுமே இல்லையே அண்ணே" என்றேன். சிரித்தார். ஏன் சிரித்தார் என்பதை நான் புரிந்துகொள்ள அன்று சாயங்காலம் வரை ஆனது. அந்த வரிசையிலேயே இங்கேயும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். சுட்ட கூட்டை எடுத்து, புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), அளந்த வெடிமருந்து, புதுக் குண்டு வைத்துத் திரும்பத் தோட்டாவாக்குவதை ரீலோடிங் என்கிறார்கள். அமெரிக்காவில் அது வார இறுதிப் பொழுதுபோக்கு; அண்ணனுக்கும் அப்படித்தான். கடையில் கருவிகளும் புத்தகங்களும் கிடைக்கும். நம் நாட்டில் கதை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். எங்கள் அய்யா பேரில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். தோட்டா வாங்கினால் அதற்கும் கணக்கு. அண்ணனும் கூடுகளைக் கொண்டுவராமல் படங்களைத்தான் கொண்டுவந்தார். பையில் தெரியாமல் கிடந்த ஒரே ஒரு தோட்டாவால் விமான நிலையத்தில் வழக்கில் மாட்டியவர்கள் உண்டு. ஆகவே இது செய்முறைப் பாடம் இல்லை. எத்தனை மருந்து, எந்த மருந்து என்ற அளவுகளை இதில் தேட வேண்டாம். அழுத்தம் எல்லை மீறினால் உலோகத்தில் எப்படித் தெரியும், எப்போது தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

பித்தளைக் கூட்டின் வேலை

ஒரு ரைஃபிள் தோட்டாவில் நான்கு பாகங்கள். முன்னால் குண்டு, உள்ளே மருந்து, அடியில் நடுவில் பிரைமர் (நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் சொல்கிற கேப்புக்கு உறவுக்காரன்தான்), எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. விசையை இழுத்ததும் ஊசி பிரைமரைக் குத்துகிறது. பிரைமர் பொறி கக்குகிறது. மருந்து பற்றி எரிந்து வாயுவாகிறது. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிடும்.

எவ்வளவு உச்சம்? வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தம் கூடுதலாக இருக்கும். கார் டயருக்கு 32 பவுண்டு காற்று அடிக்கிறோம். உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் உச்சவரம்பு 62,000 பவுண்டு. குக்கரைப் போல நாலாயிரம் மடங்குக்கு மேல். குக்கரிலாவது வெயிட் தூக்கும், அதுவும் அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு உருகி வழிவிடும். ரைஃபிளில் அப்படி ஒன்று கிடையாது. சுடுகிறவரின் கன்னத்திலிருந்து நாலைந்து அங்குலத் தூரத்தில் இத்தனையும் நடக்கிறது.

இவ்வளவு அழுத்தத்தைத் தாங்குவது பித்தளை என்று நினைத்தால் தப்பு. தாங்குவது எஃகுதான்: குழலின் பின்பக்க அறையும், அதைப் பூட்டி நிற்கும் போல்ட்டும். பித்தளை அங்கே வாஷர் வேலை செய்கிறது. அழுத்தம் ஏறும்போது கூடு உப்பி அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்னால் கசியாது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும். அந்தச் சுருக்கம் இருப்பதால்தான் கூட்டை வெளியே உருவ முடிகிறது. தோட்டாப் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். எஃகைவிட மெத்தென்று இருக்கும், அதே சமயம் சுருங்கித் திரும்புகிற அளவுக்கு விறைப்பும் உண்டு.

எல்லை மீறினால் இந்த வாஷர் வேலைதான் முதலில் கெடும். பித்தளை தன் நிலைக்குத் திரும்பாது. இடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே பிதுங்கும். அந்தப் பிதுக்கத்தைத்தான் அழுத்தத்தின் அறிகுறி என்கிறோம்.

இன்னொன்றையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுப்பு விறகு எப்போதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் எரியும். துப்பாக்கி மருந்து அப்படி இல்லை. அழுத்தம் கூடினால் அது இன்னும் வேகமாக எரியும்; வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் கூடும். அதனால் உச்சவரம்பை நெருங்க நெருங்க, சேர்க்கிற மருந்து கொஞ்சம்தான் என்றாலும் அழுத்தம் அதைவிடப் பெரிய தாவலாகத் தாவும். "சாம்பாருக்கு உப்பு போடுற கணக்கு இங்க ஆகாது" என்றார் அண்ணன். புத்தகத்தில் போட்டிருக்கும் உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் குறைத்து ஆரம்பித்து, சின்னச் சின்னப் படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் கூட்டைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

முதல் நான்கு படங்கள்

முதல் படம் ஆரோக்கியமான கூடு. பிரைமரின் நடுவில் ஊசி குத்திய குழி வழவழப்பாக இருக்கிறது. பிரைமரின் ஓரம் உருண்டையாக மடங்கி, அதற்கும் அது உட்கார்ந்திருக்கும் குழிக்கும் நடுவே மெல்லிய பள்ளம் தெரிகிறது. மோதிரத்தில் கல் பதித்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு தெரியுமே, அது மாதிரி.

இரண்டாவது படத்தில் அந்தப் பள்ளம் இல்லை. பிரைமர் சப்பட்டையாகி, ஓரம் வரைக்கும் பரவி, கூட்டின் அடியோடு ஒரே தளமாகிவிட்டது. எழுத்து அச்சடித்த அடிப்பக்கத்தில் வட்டமாக ஒரு கோடு மட்டும் மிச்சம். புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் அறிகுறி இதுதான், ரொம்பவும் ஏமாற்றுகிற அறிகுறியும் இதுதான். ஒரு கம்பெனி பிரைமரின் தகடு மென்மையாக இருக்கும், இன்னொன்றினுடையது கடினமாக இருக்கும். மென்மையானது சரியான அழுத்தத்திலேயே சப்பட்டையாகலாம். கடினமானது எல்லை தாண்டியும் உருண்டையாகவே நிற்கலாம். கூட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே இடைவெளி அதிகமாக இருந்தாலும், பிரைமர் முதலில் பின்னால் பிதுங்கி, பிறகு கூடு வந்து அதன்மேல் மோதிச் சப்பையாகும். அதற்கும் மருந்து அளவுக்கும் சம்பந்தம் இல்லை. சப்பட்டை பிரைமரை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் நேற்று வரை உருண்டையாக இருந்தது, அதே துப்பாக்கி, அதே பிரைமர், இன்று சப்பையாகிவிட்டது என்றால் யோசிக்க வேண்டும். வித்தியாசம்தான் கணக்கு.

மூன்றாவதில் ஊசிக் குழியைச் சுற்றி எரிமலை வாய் போல ஒரு விளிம்பு எழும்பியிருந்தது. ஊசி வந்துபோகும் துளைக்குள் பிரைமர்த் தகடு பிதுங்கியதன் தடம். இதிலும் ஒரு சந்தேகம் உண்டு. அந்தத் துளை தேய்ந்து பெரிதாகியிருந்தால் சாதாரணத் தோட்டாவிலும் இந்த விளிம்பு வரும். ஆனால் இதற்கு அடுத்த கட்டம் ஒன்று இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை: பிரைமர் ஓட்டையாவது. அண்ணனுக்கு ஒருமுறை ஆகியிருக்கிறது. கரிப் புள்ளிகள் கண்ணாடி முழுக்கத் தெளித்திருந்தனவாம். கண்ணாடி போடாத யாரோடும் அவர் இப்போது ஒரே வரிசையில் நிற்பதில்லை.

நாலாவது, நான் காட்டிய படம். கூட்டின் அடியில், எழுத்துகளுக்கு மேலேயே, பாசிப்பயறு அளவில் பளபளப்பான வட்டம். பெரிதாக்கினால் ஒரு பக்கம் மட்டும் வழித்துவிட்ட மாதிரி ஈஷியிருப்பது தெரிந்தது. போல்ட்டின் முகத்தில் காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டருக்கு ஒரு துளை உண்டு. அழுத்தம் தாங்காமல் கூட்டின் தடித்த அடிப்பாகமே அந்தத் துளைக்குள் பிதுங்கியிருக்கிறது. பிறகு போல்ட்டைத் திருப்பியபோது பிதுங்கிய பகுதி சீவப்பட்டு மினுங்குகிறது. எனக்கு இது உடனே பிடிபட்டதற்குக் காரணம் தொழில். பித்தளையின் மெல்லிய இடம் நசுங்கினால் கைதவறல் என்பேன். தடித்த அடி நசுங்கியிருந்தால் யாரோ சம்மட்டியால் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரைமர் மெல்லிய தகடு. கூட்டின் அடியோ கெட்டிப் பித்தளை. அது வழிந்தோடியிருக்கிறது என்றால் அன்றைக்குச் சுடுவது அத்தோடு முடிந்தது. மீதித் தோட்டாக்களைச் சுடக் கூடாது.

படத்தில் பிடிக்க முடியாத இன்னொரு அறிகுறி கைக்குத் தெரியும். சுட்ட பிறகு போல்ட்டின் கைப்பிடி வழக்கம்போல ஒரு விரலில் மேலே வராமல் இறுகிக்கொள்ளும். உள்ளங்கையால் தட்டித் தூக்க வேண்டியிருக்கும். கூடு சுருங்காமல் அறையோடு கவ்விக்கொண்டது என்று பொருள். அறை அழுக்காக இருந்தாலும், சுட்டு உப்பிய கூட்டை அச்சில் அழுத்திச் சரியாகப் பழைய அளவுக்குக் கொண்டுவராமல் போட்டாலும் இப்படி இறுகும். ஆனால் துடைத்த துப்பாக்கியில், முன்பு லேசாகத் திறந்த இடத்தில் இறுகினால் அங்கேயே நிறுத்த வேண்டும். அண்ணன் இதை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொன்னார்.

அடுத்த அறிகுறி வீட்டுக்கு வந்து மேஜையில் உட்காரும்போது தெரியும். புது பிரைமரை அழுத்தினால் அது இறுக்கமாக உட்கார வேண்டும். தள்ளினால் பொசுக்கென்று போய் உட்கார்ந்தால், கூட்டின் அடி விரிந்து, பிரைமர்க் குழி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றிரண்டு முறை சுட்டதுமே ஒரு கூட்டம் கூடுகள் இப்படி ஆகியிருந்தால், அந்த மருந்து அளவு ஆரம்பத்திலிருந்தே அதிகம். குப்பையில் போட வேண்டியது அந்தக் கூடுகளை மட்டும் இல்லை, எழுதி வைத்த அந்த அளவையும்தான்.

அழுத்தம் செய்யாத காயங்கள்

கூட்டில் தெரிகிற எல்லாக் கோளாறும் அதிக மருந்தால் வருவதில்லை. கழுத்தில் நீளவாக்கில் கீறல் விழுந்தால் அது பெரும்பாலும் வயசு. பித்தளையைத் தட்டத் தட்ட இறுகும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது, திரும்ப அச்சில் போட்டுக் குறுக்குகிறோம். தட்டுப்பட்ட குடத்தை நடுநடுவே உலையில் காட்டிப் பதம் பண்ணாமல் தட்டிக்கொண்டே போனால் விளிம்பு வெடிக்கும், எந்தக் கன்னாரைக் கேட்டாலும் சொல்வார். ரீலோடிங்காரர்களும் கழுத்தை மட்டும் சூடு காட்டிப் பதம் பண்ணுகிறார்கள். அடிப்பக்கத்துக்குச் சூடு போகவே கூடாது. அங்கே மெத்தென்று ஆகிவிட்டால் அடுத்த முறை சுடும்போது பிடித்து நிற்க வலு இருக்காது.

அடியிலிருந்து கொஞ்சம் மேலே கூட்டைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அதுவும் வேறு நோய். கூட்டை அச்சில் அளவுக்கு மேல் தள்ளிக் குட்டையாக்கியதால் ஒவ்வொரு முறையும் அந்த இடம் இழுபட்டு உள்பக்கம் மெலிந்திருக்கிறது. அடுத்து அங்கேதான் கூடு இரண்டாகப் பிரியும். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு உரசினால் பள்ளம் தட்டுப்படும். கழுத்தில் கரி படிந்து கீழே வரைக்கும் வழிந்திருந்தால் அது நேரெதிர்: அழுத்தம் போதாமல் கூடு சுவரோடு ஒட்டவில்லை.

பித்தளைக் கீறல் பற்றிப் பேசும்போது ஒரு கிளைக்கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்த பட்டாளத்தில், மழைக்காலத்தில் லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள் சுடாமலேயே கீறல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாவும், கூடு செய்யும்போது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்துதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். அதனால்தான் அம்மோனியா கலந்த பாலிஷால் கூட்டைத் துடைக்கக் கூடாது என்கிறார்கள். எங்கள் கடைக்கும் மாட்டுத்தொழுவத்துப் பரணிலிருந்து வருகிற தவலைகளில் அப்படிக் கீறல் பார்த்திருக்கிறேன். விற்றவர் கீழே விழுந்ததாகச் சொல்வார். விழுந்த அடி வேறு மாதிரி இருக்கும்.

அளவு மாறாமலே அழுத்தம் ஏறுவது

மருந்தை அதே அளவு போட்டும் அழுத்தம் ஏறும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். குண்டை மாற்றினால் ஏறலாம். ஒரே எடைதான், ஆனால் வேறு கம்பெனிக் குண்டு குழலைக் கவ்வும் நீளம் வேறு. பிரைமர் மாறினால் ஏறலாம். ராணுவக் கூடுகள் சில தடித்த சுவர் உள்ளவை. வெளியே ஒரே அளவு, உள்ளே இடம் குறைவு; இடம் குறைந்தால் அழுத்தம் கூடும். குண்டை முன்னால் தள்ளி, குழலின் உள்ளே வெட்டிய வரித்தடங்களைத் தொடும்படி வைத்தாலும் ஏறும். கூட்டின் கழுத்து நீண்டுபோய் அறையின் முனையில் இடித்து, குண்டை விடாமல் நெரித்தாலும் ஏறும். நண்பர் சொன்ன அளவு அவர் துப்பாக்கிக்குச் சரியாக இருந்திருக்கும். நம் துப்பாக்கியின் அறை அவருடையது இல்லை. ஏதாவது ஒன்றை மாற்றினால் திரும்பக் கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது இதனால்.

மருந்தே மாறிப்போனால் கூட்டைப் பார்த்துச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. கைத்துப்பாக்கி மருந்து வேகமாக எரிவது. அது ரைஃபிள் கூட்டுக்குள் போனால் துப்பாக்கியே பிளந்துவிடும். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும் என்பது அண்ணன் வீட்டுச் சட்டம். டப்பாவை மாற்றி ஊற்றி வைப்பதும் கிடையாது.

அப்புறம் வெயில். மருந்து சூடானால் அழுத்தம் ஏறும். சில மருந்துகளில் கொஞ்சம், சிலவற்றில் கணிசமாக. குளிர்காலத்தில் சோதித்து, உச்சத்தை ஒட்டி முடிவு செய்த அளவு, டெக்சாஸ் ஜூலையில் டிரக் டாஷ்போர்டில் ஒரு மணி நேரம் கிடந்தால் என்ன ஆகும்? நாலாவது படம் ஆகும். அந்தக் கூட்டின் கதை அதுவேதான். ஜனவரியில் ஒரு குறையும் காட்டாத அதே பெட்டித் தோட்டாக்கள். இதைக் கேட்டபோது எங்கள் வீடுகள் ஞாபகம் வந்தன. சித்திரை வெயிலில் தெருவில் நிற்க முடியாது, முகப்பைத் தாண்டி ஆத்தங்குடிக் கல்லில் கால் வைத்தால் குளுகுளுவென்று இருக்கும். அப்பத்தா ஊறுகாய் ஜாடியைக்கூட வெயில் படாத அறையில்தான் வைப்பார். தோட்டாவுக்கும் நிழல்தான் இடம்.

எதிர்ப்பக்க ஆபத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். டுமீலுக்குப் பதில் "பொட்" என்று சத்தம் வந்தால் மருந்து இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்திருக்கலாம். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கும். அதைப் பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

ஐந்தாவது படம்

சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே அண்ணன் ஐந்தாவது படத்தைத் திரும்ப எடுத்தார். "அடிப்பக்கத்த நல்லாப் பாரு. மத்த நாலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

விளிம்பு. மற்ற நான்கு கூடுகளிலும் அடியும் உடம்பும் ஒரே அகலம், நடுவில் ஒரு பள்ளம் மட்டும். இதில் அடி, தூக்குவாளி மூடி போல வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அது .30-30 வின்செஸ்டர் கூடு. லீவரைக் கீழே இழுத்துத் தோட்டா ஏற்றும் பழைய பாணி ரைஃபிளுக்கு உரியது. அந்தத் தோட்டாவுக்கு உச்சவரம்பு 42,000 பவுண்டுதான். துப்பாக்கியின் பூட்டும் அந்த அளவை மனதில் வைத்துச் செய்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். சப்பட்டை பிரைமர், எஜெக்டர் தடம், இறுகிய போல்ட் எல்லாம் பித்தளை எப்போது பிதுங்கும் என்பதைப் பொறுத்தவை. எஜெக்டர் தடம் போன்ற தெளிவான அறிகுறிகள் பெரும்பாலும் 62,000, 65,000 என்று இருக்கும் நவீன ரைஃபிள்களின் உச்சவரம்பையும் தாண்டிய பிறகே தலைகாட்டும். .308-லேயே அறிகுறி தெரிவது எல்லையைக் கடந்த பிறகு என்றால், 42,000-க்குச் செய்த துப்பாக்கியில்? அங்கே அழுத்தம் 50,000 ஆனாலும் பித்தளை முகம் மாறாது. கூடு சுத்தமாக வெளியே விழும், பிரைமர் உருண்டையாக இருக்கும். தேய்வது துப்பாக்கியின் பூட்டு. பித்தளையிடம் கேட்டால் அதன் கஷ்டத்தை மட்டும்தான் சொல்லும், எஃகின் கஷ்டம் அதற்குத் தெரியாது.

பரிசோதனைக் கூடங்களில் கூட்டின் தோற்றத்தை நம்புவதில்லை. முன்பு குழலில் துளையிட்டுச் செம்பு உருளை ஒன்றை வைத்து, சுட்டதும் அது எவ்வளவு நசுங்கியது என்று அளந்தார்கள். இப்போது அழுத்தத்தை மின்சாரமாக மாற்றிச் சொல்லும் படிக உணர்வி வந்துவிட்டது. இரண்டின் எண்களும் ஒன்றாக வராது: .308-க்குச் செம்புக் கணக்கில் 52,000, புதுக் கணக்கில் 62,000. பழைய புத்தகத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, "பத்தாயிரம் இடம் இருக்கிறதே" என்று மருந்தைக் கூட்டினால் வம்புதான். இரண்டும் ஒரே அழுத்தத்தின் இரண்டு பெயர்கள்.

வீட்டில் அந்தக் கருவி இருக்காது. இருப்பது குண்டின் வேகத்தை அளக்கும் கருவி, குரோனோகிராஃப். அண்ணனைக் காப்பாற்றியது அது. ஒரே நீளக் குழலில், அதே குண்டு, அதே மருந்து. புத்தகம் போட்டிருக்கும் உச்ச வேகத்தைவிட உங்கள் குண்டு வேகமாகப் போனால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. வேகம் சும்மா வராது, அழுத்தம்தான் அதைத் தள்ளியிருக்கும். அந்த .30-30 அன்று புத்தகத்தின் உச்சத்தைவிட நொடிக்கு நூறடிக்கு மேல் கூடுதலாகக் காட்டியது. இத்தனைக்கும் அவர் நிரப்பியதாக நினைத்தது உச்சத்துக்குக் கீழான அளவு. முதலில் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு சுட்டாராம். அந்த இரண்டையும் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிறகு நிறுத்தினார். பெட்டியில் மீதி பதினேழு தோட்டாக்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் குண்டைக் கழற்றி, மருந்தைத் தட்டில் கொட்டினார். வேறொரு தராசைக் கொண்டுவந்து, சோதனை எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டு நிறுத்தார். ரீலோடிங்கில் எடை கிரெயின் கணக்கு. ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், ஒரு கிராமில் பதினைந்தரை கிரெயின் அடங்கும். பழைய தராசில் மருந்தை எடை போட்ட அன்று, தலைக்கு மேல் ஏசி காற்று நேராக அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. இடையில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தும் பார்க்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து ரெண்டு தெரு தள்ளி இருக்கிற நகைப் பட்டறையில், தராசில் பொன் வைக்கும்போது யாரும் சொல்லாமலே பையன் எழுந்துபோய் ஃபேனை நிறுத்துவான். கண்ணாடிப் பெட்டியின் கதவையும் மூடுவார்கள்.

"எவ்வளவு கூட இருந்துச்சு?" என்று கேட்டேன்.

கடை மேஜை இழுப்பறையில் அய்யா காலத்துக் குன்றிமணிகள் கொஞ்சம் ஒரு பித்தளைச் சிமிழில் கிடக்கின்றன, தங்கம் நிறுக்கப் பயன்பட்டவை. அண்ணன் அதைத் திறந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பதினேழிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் கூடுதலாக இருந்ததாம்.